துணைக்கேள்வி சாரும் இரும்புப் பாலமும்

உலகத்தில் உள்ள பயந்தாங்கொள்ளிகளை எல்லாம் வரிசையில் நிற்க வைத்தால், வரிசை நேராக இருக்கிறதா என்று பயந்து பயந்து திரும்பிப் பார்த்தபடி முதல் ஆளாக நிற்பவர் எங்கள் ‘துணைக்கேள்வி’ சார்தான். அம்பத்தூரில் நான் வேலைக்குச் சேர்ந்த அரசு அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளர். எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். ஏரி, கால்வாய், அதன் மேல் ஒரு பாலம் என்று சுற்றிக்கொண்டிருக்கிற துறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லிஃப்டுக்குப் பயம், நாய்க்குப் பயம், தண்ணீருக்கு ரொம்பவே பயம். பூந்தமல்லி பஸ் காலியாக வந்தால், ஏன் காலியாக வருகிறது என்று பயந்து அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். ஆனால் இதெல்லாம் சில்லறைப் பயங்கள். மொத்தப் பயத்தையும் அவர் சட்டமன்றக் கேள்விக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்.

சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் கேள்வி கேட்கிறார், அமைச்சர் எழுந்து பதில் சொல்கிறார் என்று டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பதில் எங்களைப் போன்ற அலுவலகங்களிலிருந்துதான் போகிறது. கேள்வி கோட்டையிலிருந்து படிப்படியாக இறங்கி எங்கள் மேஜைக்கு வரும். பதில் அதே படிகளில் ஏறிப் போகும். அதோடு விட்டதா? பதிலைக் கேட்ட உறுப்பினர் அங்கேயே எழுந்து துணைக் கேள்வி கேட்கலாம். என்ன கேட்பார் என்று யாருக்கும் தெரியாது. அமைச்சர் விழிக்கக் கூடாது என்பதற்காக, அவர் என்னவெல்லாம் கேட்கக்கூடும் என்று நாங்களே யோசித்து, பதிலும் எழுதிக் குறிப்பாக அனுப்ப வேண்டும். யாருக்கும் வராத சந்தேகமெல்லாம் சாருக்கு வரும் என்பதால் அந்த வேலை அவர் தலையில் விழுந்தது. பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

என் கல்யாணப் பத்திரிகையை நீட்டினேன். வாங்கிக்கொள்ளாமல் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கல்யாணம் நடைபெறுவது உண்மையா தம்பி?”

“உண்மைதான் சார்.”

“உண்மை எனில், கரண்ட் போனா ஜெனரேட்டர் இருக்கா? அது ஓடுதான்னு யார் பாத்தது?”

அன்று சாயங்காலமே மண்டபத்துக்கு ஓடினேன். ஜெனரேட்டர் ஓடவில்லை. அந்த மனிதரின் பயத்தை நான் கேலி செய்ததெல்லாம் உண்டு, ஆனால் அன்றிலிருந்து கொஞ்சம் மரியாதையோடு கேலி செய்தேன்.

வீட்டிலும் இதே கதைதான். இட்லி மெத்தென்று இருக்கிறதா என்று மனைவி கேட்டால், “விவரங்கள் சேகரிக்கப்பட்டு வருகின்றன” என்பாராம். அந்த அம்மாவே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சட்டமன்றம் கூடிவிட்டால் சட்டைப் பையில் ஜெபமாலை ஏறிவிடும். போன் அடித்தால் எழுந்து நின்றுதான் எடுப்பார். பதிலை அனுப்புவதற்கு முன் ஒத்திகை வேறு. நான் அமைச்சர், ஜீப் டிரைவர் சேகர் சபாநாயகர், சார் உறுப்பினர். உறுப்பினராகிவிட்டால் போதும், சாருக்குப் பயம் எங்கே போகுமோ தெரியாது. விரலை நீட்டி அவர் கேட்கிற கேள்விக்கு நான் குறிப்பை மேலும் கீழும் புரட்டிக்கொண்டிருப்பேன். சேகர் டம்ளரால் மேஜையைத் தட்டுவான்.

“இன்னா சார், மந்திரி முழிக்கிறாரு? அவைய ஒத்தி வெச்சிட்டு டீ வாங்கினு வர்ட்டா?”

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. ஆவடிப் பக்கம் உபரிநீர்க் கால்வாய் ஒன்றின் மேல் ஒரு பழைய இரும்பு நடைபாலம். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் அதன் வழியாகத்தான் பள்ளிக்கூடம் போவார்கள். கேள்வி இதுதான்: ‘(அ) மேற்படி பாலம் ஆபத்தான நிலையில் உள்ளதை அரசு அறியுமா? (ஆ) ஆம் எனில், எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன?’

எங்கள் அலுவலகத்தில் இதற்கெல்லாம் காலம் காலமாக ஒரே பதில்தான். (அ) இல்லை. (ஆ) வினா எழவில்லை. போன வருடம் ‘பாலம் நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதி அனுப்பியதும் நாங்கள்தான். எங்கள் அதிகாரி பேப்பரைப் பார்த்தார், சாரைப் பார்த்தார்.

“இல்லைன்னு போட்டு அனுப்பிடுங்க. இந்த மாசக் கடைசியில ரிட்டயர் ஆகப் போறீங்க. கடைசி நேரத்துல எதுக்கு வம்பு?”

அரசு ஊழியர்களுக்கு இந்த வாக்கியம் போதும். ஓய்வு பெறும் நாளன்று, மாலை போட்டுக்கொள்ளப் போகிற நேரத்தில், சஸ்பெண்ட் உத்தரவு வந்து நின்ற கதைகள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. அதற்குப் பிறகு பென்ஷனும் கிடையாது, நிம்மதியும் கிடையாது. சாருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. ஆனாலும் பார்க்காமல் எழுதவும் பயம். என்னையும் சேகரையும் இழுத்துக்கொண்டு பாலத்துக்குப் புறப்பட்டார்.

கீழே தண்ணீர் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓரடி ஓரடியாக சார் நகர்ந்தார். பாலம் லேசாக ஆடியது. சார் ரொம்பவே ஆடினார். எதிரே மீன் கூடையோடு வந்த ஓர் அம்மா நின்றுவிட்டார்.

“இன்னாத்துக்கு சார் இப்டி நடுங்குற? அந்தாண்ட தகட்டுல கால் வெச்சிடாத, துரு புட்ச்சி கீது.”

“ரொம்ப நாளாவாம்மா?”

“ரொம்ப நாளா கீது. இஸ்கூல் புள்ளைங்க தாண்டிக் குதிச்சுகினுதான் போவுதுங்க. மழைல தண்ணி மேல வந்தா எது தகடு, எது ஓட்டைன்னே தெர்யாது.”

“புள்ளைங்க போறப்ப யாராவது பாத்துக்கறாங்களா?”

“யாரு பாப்பா? இப்ப நீதான் வந்து பாத்துகினு கீற.”

அந்த அம்மாவுக்கு வழிவிட சார் ஒதுங்கினார். ஒதுங்கிய காலுக்குக் கீழே தகடு போய்விட்டது. முழங்கால் வரை உள்ளே இறங்கிவிட்டார். சேகர் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்து இழுத்தோம். சார் வந்தார், ஒரு செருப்பு வரவில்லை. அது தண்ணீரில் விழுந்து, சுழன்று, மதகுப் பக்கம் போவதை நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவரும் சிரிக்கவில்லை. சாருக்குப் பதில் பள்ளிக்கூடப் பை மாட்டிய ஒரு பிள்ளையை அங்கே நினைத்துப் பார்த்தேன்.

ஒற்றைச் செருப்போடு நேராக அதிகாரி அறைக்குப் போனார் சார்.

“எனக்கு பயமா இருக்கு சார்.”

“அதான் இல்லைன்னு எழுதச் சொன்னேன்.”

“அப்படி எழுதத்தான் சார் பயமா இருக்கு. அமைச்சர் எழுந்து நின்னு இல்லைங்குறாரு. அடுத்த வாரம் மழை வருது, ஒரு புள்ள உள்ள விழுந்துடுது. அதுக்கப்புறம் உரிமை மீறல், விசாரணை எல்லாம் வரட்டும். அந்தப் புள்ளையோட அம்மா வந்து நின்னா, துணைக் கேள்வி என்ன கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும் சார். அதுக்குப் பதில் எழுத எனக்குத் தெரியலை.”

அதிகாரி கேள்வியை எடுத்து இன்னொரு தடவை படித்தார். கெட்டவர் இல்லை. அவருக்கும் பயம், அவ்வளவுதான்.

“சரி, ஆம்னே போடுங்க. ஆனா போன வருஷம் நல்லா இருக்குன்னோம், இப்ப யார் பாத்து சொன்னதுன்னு கேட்டா? அந்த இடத்துல என் பேரு வரக் கூடாது.”

சார் என்னிடம் வந்து உட்கார்ந்து குறிப்பைச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். கடைசித் துணைக் கேள்வி: ‘பாலத்தை ஆய்வு செய்தவர் யார்?’ அதற்குக் கீழே தன் பெயரையும் பதவியையும் எழுத்து எழுத்தாகச் சொன்னார். சொல்லும்போது குரல் நடுங்கியது.

“சார், வேணாம் சார். சபையில பேரைப் படிச்சிட்டா மாசக் கடைசியில உங்களுக்கு...”

“அடி தம்பி. அடிச்சிட்டு ஒருதடவை சரி பாரு. இனிஷியல் தப்பாயிட்டா வேற யாராவது மாட்டிப்பாங்க.”

கேள்வி நேரத்தன்று சேகரின் செல்போனில் நேரலை. அலுவலகமே அவன் தோளில் தொங்கியது. மேலே யாராவது பதிலை மாற்றியிருப்பார்களோ என்று ஒரு பக்கம் பயம், மாற்றாமல் விட்டிருப்பார்களோ என்று மறுபக்கம் பயம். அமைச்சர் எழுந்தார்.

“அ, ஆம்.”

கேள்வி கேட்ட உறுப்பினர் ஆடிப்போய்விட்டார். ‘இல்லை’ என்ற பதிலை வெளுத்து வாங்கத் தயாராக வந்திருந்தவர், பேப்பரைப் புரட்டினார், திருப்பினார், மறுபடி புரட்டினார். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் அவர் நிமிர்ந்தார்.

“போன வருஷம் நல்லா இருக்குன்னு சொன்னீங்க. இப்ப ஆபத்துன்னு சொல்றீங்க. பாலத்தைப் போய்ப் பார்த்தது யார்? எந்த அதிகாரி?”

சிரிப்பு அப்படியே நின்றது. சார் கண்ணை மூடிக்கொண்டார். சட்டைப் பைக்குள் ஜெபமாலை உருள்வது வெளியே தெரிந்தது. அமைச்சர் குறிப்பை எடுத்துப் பார்த்தார். நான் தட்டச்சு செய்த தாள்தான் அது. அந்தப் பெயர் அவர் கண்ணுக்கு நேரே இருந்தது. அமைச்சர் தாளை மடித்துக் கீழே வைத்தார்.

“பார்த்தது என் துறை. போன வருஷம் சொன்னதும் என் துறை. ரெண்டுக்கும் இந்த அவையில பதில் சொல்ல வேண்டியவன் நான். பாலத்தை இன்னைக்கே மூடச் சொல்லியாச்சு. புதுசு கட்டித் தர்றேன். தர்லைன்னா என்னைக் கேளுங்க.”

உறுப்பினர் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் கத்திய கத்தலில் மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். சார் மெல்ல ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“தம்பி, அவர் பக்கத்தைத் திருப்பாம விட்டுட்டாரோ?”

மாசக் கடைசியும் வந்தது. அலுவலக நேரம் முடிகிற வரை சார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, மாலைக்கும் கழுத்தைக் கொடுக்கவில்லை. அதிகாரி ஒரு கவரோடு வந்தபோது எழுந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. ஓய்வு பெற அனுமதித்த உத்தரவுதான். அதை வாசித்து, என்னை வாசிக்கச் சொல்லி, சேகரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அதிகாரிதான் அவர் கண்ணைத் துடைத்துவிட்டார்.

இப்போது ஐயப்பன்தாங்கலில் இருக்கிறார். சட்டமன்றம் கூடினால் இன்றும் போன் அடிக்கும்போது எழுந்து நிற்கிறாராம். இவ்வளவும் எழுதினாயே, அந்த மனிதரின் பெயரை எழுதக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். ஓர் அமைச்சர் எழுந்து நின்று காப்பாற்றிக் கொடுத்த பெயர் அது. நான் எழுதிவிட்டால் சார் பயந்துவிடுவார்.