செல் சவ்வும் கல்யாண மண்டபமும்

உதாரணக்காரர்கள் என்று ஓர் இனம் நம் நடுவே நடமாடுகிறது. கொம்பும் கிடையாது, வாலும் கிடையாது. பார்வைக்கு உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார்கள். வாயைத் திறந்தால்தான் தெரியும். பஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், சட்டை நுனியில் துடைப்பார், "அது எப்படின்னா..." என்று ஆரம்பிப்பார், பஸ்ஸிலிருந்து பால்காரருக்குப் போய், பால்காரரிடமிருந்து மாட்டுக்குப் போய், அந்த மாட்டை உசிலம்பட்டிச் சந்தை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், அங்கே விலை படியாமல் அவர் நிற்கும்போது நீங்கள் ஆட்டோ பிடித்து வீட்டுக்கே போயிருப்பீர்கள். பஸ் ஏன் வரவில்லை என்பது மட்டும் கடைசிவரை தெரியாது.

இந்த இனத்தில் முதல் தரமான ஒருவர் பழங்காநத்தத்தில் குடியிருக்கிறார். பெயர் கிறிஸ்துராஜ். மிஷன் பள்ளி ஒன்றில் பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறார். தங்கமான மனிதர், பாடத்தில் கரை கண்டவர். ஆனால் அவரிடம் செரிமானம் என்றால் மாவு மில், நரம்பு மண்டலம் என்றால் கேபிள் டிவி, சிறுநீரகம் என்றால் அவருடைய மாமியார் காப்பி வடிகட்டுகிற அழகு. பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பரீட்சையில் சிறுநீரகத்தை விட்டுவிட்டு மாமியாரை எழுதி வைப்பார்கள்.

இப்பேர்ப்பட்ட கிறிஸ்துராஜுக்கு இந்த வருஷம் ஓர் ஆசை வந்தது. ஓர் அறக்கட்டளை கொடுக்கிற நல்லாசிரியர் விருதை எப்படியாவது வாங்கிவிட வேண்டும். இவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு கேடயத்தை வாங்கி வீட்டில் வைத்துவிட்டார்கள். இவர் வீட்டு ஷோகேஸில் ஒரு பொம்மை நாயும், யாரோ புனித யாத்திரை போய்க் கொண்டுவந்து கொடுத்த யோர்தான் ஆற்றுத் தண்ணீர் பாட்டிலும்தான் இருந்தன. ஓய்வு பெறும் வயதும் நெருங்கிவிட்டது. விண்ணப்பம் போட்ட அன்றே மனைவி எஸ்தர், பொம்மை நாயை ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் இடம் ஒதுக்கி வைத்துவிட்டார்.

விருதுக் குழுவிலிருந்து ஒருவர் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார் என்று தகவல் வந்தது. தலைமையாசிரியை ஆனிமேரி கிறிஸ்துராஜைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன். புத்தகத்துல இருக்குறத அப்படியே சொல்லுங்க. உதாரணம் மட்டும் வேண்டாம்."

"ஒண்ணே ஒண்ணு கூடவா மேடம்?"

"ஒண்ணு கூட."

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார் மனிதர். அன்றைய பாடம், செல் சவ்வு.

வந்தவர் துளசிராம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைக்காரர். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கிறிஸ்துராஜ் பலகையில் படம் போட்டார். செல் சவ்வு என்பது பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகளால் ஆன ஈரடுக்கு. நீரை விரும்பும் தலைகள் இரண்டு புறமும் நீரைப் பார்த்து நிற்கும். நீரை வெறுக்கும் வால்கள் நடுவே ஒளிந்துகொள்ளும். புரதங்கள் ஊடே மிதக்கும். ஆக்சிஜன் தானே புகுந்து போகும், குளுக்கோஸ் கடத்திப் புரதத்தின் உதவியில்லாமல் போகாது. எல்லாம் சுத்தமான புத்தகத் தமிழ். வகுப்பே பயந்துபோய்ப் பார்த்தது. சாருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? அவருக்கோ நாக்கு நமநமவென்று அரித்தது, கை இரண்டு தடவை கண்ணாடிக்குப் போய்த் திரும்பி வந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான், மணி அடித்துவிடும், கேடயம் ஷோகேஸுக்கு வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

அப்போது கடைசி பெஞ்சில் துளசிராம் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார்.

"நல்லா இருக்கு சார். பிள்ளைகளுக்கு இன்னுங் கொஞ்சம் புரியணும்ல? இப்ப இந்தச் சவ்வு இருக்கு பாருங்க, அது எப்படின்னா... பரவை காய்கறி மார்க்கெட் கேட்டு மாதிரி. கண்டவனும் உள்ள வர முடியாது. மூட்டைய யாராச்சும் தூக்கிட்டுத்தான் வரணும்."

கிறிஸ்துராஜ் ஒரு நிமிஷம் சும்மா இருந்திருக்கலாம். "அருமை ஐயா" என்று கும்பிட்டிருக்கலாம். விருது கையில் இருந்திருக்கும். ஆனால் தப்பான உதாரணம் ஒன்று கண்ணெதிரே நடமாடும்போது ஓர் உதாரணக்காரரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா?

"மன்னிக்கணும்யா. மார்க்கெட் கேட்டு இரும்பு, அசையாது. சவ்வு அசையும், ஒவ்வொரு மூலக்கூறும் பக்கவாட்டுல நகந்துகிட்டே இருக்கும். அதனால அது கல்யாண மண்டபம். வாசல்ல சொந்தக்காரங்க ரெண்டு வரிசையா முதுகுக்கு முதுகு நிக்கிறாங்க, ஒரு வரிசை தெருவப் பாத்து, ஒரு வரிசை மண்டபத்தப் பாத்து. நிக்கிறவங்க எடம் மாறிக்கிட்டே இருப்பாங்க. சின்னப் பிள்ளைக இடுக்குல புகுந்து ஓடிருதுகள்ல, அதான் ஆக்சிஜன். தாய்மாமன் இருக்காரே, அவர் குளுக்கோஸ். ஒருத்தர் வந்து கையப் பிடிச்சுக் கூப்பிட்டாத்தான் உள்ள வருவார்."

"அப்ப கழிவு வெளிய போகணுமே? மண்டபத்துல யாரு வெளியேத்துறா?"

"பந்தியில நாம சாப்பிடுறப்ப முதுகுக்குப் பின்னால வந்து ஆள் நிக்கிறாங்களே, அது எதுக்குங்கய்யா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. துளசிராம் சிரிக்கவில்லை. மார்க்கெட்டில் அழுகின தக்காளியை வெளியே கொட்டுவதைச் சொன்னார். கிறிஸ்துராஜ் எச்சில் இலையைச் சொன்னார். துளசிராம் காவலாளியை நிறுத்தினார், கிறிஸ்துராஜ் சம்பந்தியை இறக்கினார். ஆனிமேரி ஜன்னலுக்கு வெளியே தலையில் கை வைத்து நின்றார். மணி அடித்தது. போகிற போக்கில் துளசிராம் முதல் பெஞ்சிலிருந்த பவதாரிணியைக் கேட்டார்.

"செல் சவ்வுன்னா என்னம்மா?"

"பரவை மார்க்கெட்ல நடக்குற கல்யாணம் சார்!"

மறு வாரம் முடிவு வந்தது. விருது வேறு ஊர் ஆசிரியர் ஒருவருக்கு. கிறிஸ்துராஜின் பெயருக்கு எதிரே குழுவின் குறிப்பு இப்படி இருந்தது: "பாடம் நன்று. உதாரணம் பொருத்தமில்லை."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவரை எஸ்தர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, முடிவு வந்துருச்சா?"

கிறிஸ்துராஜ் கண்ணாடியைக் கழற்றினார். "அது எப்படின்னா எஸ்தரு, இப்ப சவ்வுக்கு வெளிய ஒரு குளுக்கோஸ் நிக்குதுன்னு வச்சுக்க. உள்ள போகணும்னு அதுக்கு அம்புட்டு ஆசை. யாராச்சும் வந்து கையப் பிடிச்சு..."

"என்னங்க."

"ம்."

"கெடைக்கலையா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"கெடைக்கல. மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து ஒரு விஷயத்தை அவர் இம்புட்டுச் சுருக்கமாகச் சொல்லி எஸ்தர் கேட்டதில்லை. அதனாலேயே எஸ்தருக்குக் கண் கலங்கிவிட்டது. பொம்மை நாயை எடுத்துத் துடைத்து, மறுபடியும் ஷோகேஸின் நடுவில் வைத்துவிட்டுக் காப்பி போடப் போனார்.

பாவம், இப்படியும் ஒரு மனிதரா என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போகும்முன் ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். இதைப் படிக்கும்போது நடுவில் எங்கேயாவது நிறுத்தி, "அட, இந்த ஆள் அப்படியே நம்ம சின்ன மாமா மாதிரில்ல!" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொன்னீர்களா, இல்லையா?

சொன்னீர்கள் அல்லவா? கழற்றி வைத்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள்.