வெறும் வயிற்றில் ஒரு தியானம்

விசுவாசிகளில் பலவகை உண்டு. உருகி ஜெபிக்கிறவர், ஊரே கேட்கப் பாடுகிறவர், பிரசங்கத்தில் அயர்ந்து தூங்குகிறவர் என்று எல்லோரையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவர்களோடு சேராத தனி இனம் ஒன்று இருக்கிறது: தினத் தியானம் அனுப்புகிறவர். உங்கள் போனிலும் நிச்சயம் ஒருவர் இருப்பார். சேவலுக்கு முன்னால் எழுந்துவிடுவார்.

நமக்கு வாய்த்தவர் ஒரு மருந்துக் கடைக்காரர். காலை ஐந்தே முக்காலுக்கு, வெறும் வயிற்றில் ஒன்று என்ற கணக்கில், இருநூற்றுப் பதினான்கு பேருக்கு ஒரு வேதபகுதியும் விளக்கமும் போய்ச் சேர்ந்துவிடும். வசனம் வேதத்தில் கிடைக்கிறது; உதாரணத்துக்கு எங்கே போவது? வீட்டுக்குள்தான். மனைவி பாத்திரத்தை நங்கென்று வைத்தால், மறுநாள் தியானம், 'எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி பொறுமையை இழந்தபோது' என்று தொடங்கும். மைத்துனரின் பல்வலியும், மகளின் பரீட்சையும், மாமியாரின் முணுமுணுப்பும் எழுத்தில் ஏறிவிட்டன. பெயரை மட்டும் சொல்லமாட்டார். அவ்வளவு நாகரிகம்! அந்த வீட்டில் யாரும் மனம்விட்டுச் சண்டை போட்டே பல வருஷமாகிறது.

எதிர்க்கடையில் அவருடைய தம்பி மூக்குக்கண்ணாடி விற்கிறார். ஒருநாள் சோம்பலைப் பற்றிய தியானத்தில், 'கண்ணாடி விற்கும் ஒரு சகோதரன் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு உறங்குகிறான்' என்று வந்தது. அந்தத் தெருவில் கண்ணாடிக் கடை ஒன்றே ஒன்றுதான். ஐந்தாவது நிமிடம் தம்பி குழுவிலிருந்து வெளியேறினார். கைநீட்டி அடித்திருந்தால்கூட அண்ணன் மன்னித்திருப்பார். தியானக் குழுவை விட்டுப் போவதா? பதினோரு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அந்த நிலையில் ஒரு சனிக்கிழமை தம்பி மகளுக்குக் கல்யாணம் வந்தது. அண்ணன் தோளில் தூக்கி வளர்த்த பெண். அழைப்பு வரவில்லை. அது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

சுவிசேஷத்தை வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவர், அந்த வாரத் திங்கட்கிழமை வசமாக மாட்டிக்கொண்டார். காணிக்கையைப் பீடத்தருகே விட்டுவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகும்படி சொல்லும் பகுதி! தாண்டிப் போகலாமென்றால், குழுவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். அரை வசனம் விட்டுப்போனாலும் கேட்டுவிடுவார். எனவே திங்களன்று பீடத்தின் நீள அகலத்தை எழுதினார். செவ்வாயன்று காணிக்கையின் வகைகளை எழுதினார். புதனன்று பீடத்துக்கு ஏறும் படிகளைப் பற்றி எழுதினார். டீச்சரிடமிருந்து கேள்வி வந்தது: "பிரதர், சகோதரன் எப்போ வருவார்?"

மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மூணு நாளா பீடத்தையே சுத்திச் சுத்தி வர்றீங்க. ரோட்டைத் தாண்ட இன்னும் எத்தனை நாள் ஆகும்?"

"எழுதி முடிச்சிட்டுப் போறேன்."

"'முதல்ல போ'ன்னுதானே அதுல போட்டிருக்கு!"

போனார். மனதுக்குள் மூன்று பத்தி தயாராக இருந்தது. தம்பி ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்ததும் மூன்றும் மறந்துபோயின. "டேய், தப்பு என்மேலதான்டா" என்பது மட்டும் வந்தது.

தம்பி வாடிக்கையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கண்ணே. பெரியப்பா வருவாரா, வருவாரான்னு பொண்ணு தினம் கேட்டு உசிரை எடுக்கிறா. நீங்க இல்லாம என்ன கல்யாணம்?"

அண்ணன் கண்ணில் வந்தது நிஜக் கண்ணீர்தான், சந்தேகமில்லை. ஆனால் கை பாவம், பழக்க தோஷம், தானாகப் பைக்குள் நுழைந்து போனை எடுத்துவிட்டது.

"அண்ணே," என்றார் தம்பி. "இதை எழுதினீங்கன்னா அழைப்பு கிடையாது."

போன் வந்த வழியே உள்ளே போனது. மறுநாள் ஐந்தே முக்காலுக்குக் குழு அமைதியாக இருந்தது. ஆறு மணிக்கு டீச்சர் பதறிப்போய் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். "சகோதரன் வந்துட்டார்" என்று இரண்டே வார்த்தையில் பதில் போனது. அவர் அனுப்பியதிலேயே சிறந்த தியானம் அதுதான் என்று மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, 'இது இன்னாருக்குக் கச்சிதமாகப் பொருந்தும், அவருக்கு அனுப்பவேண்டும்' என்று யாரோ ஒருவர் முகம் உங்கள் மனதில் வந்து நின்றதா, இல்லையா? சரி, காலையில் எத்தனை மணிக்கு அனுப்புவதாக உத்தேசம்?