லிஃப்ட் வீரர் அறிக்கை எய்த படலம்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு போர்க்கதை சொல்கிறேன்; சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம்.

வாழ்க, திருப்புளி ஏந்திய திருக்கரத்தார்! வாழ்க, கிரீஸ் மணக்கும் மார்பினர்! ஐந்துமாடிக் கட்டடத்தின் ஆழ்குழியில் தனியொருவராய் இறங்கி, முரண்டுபிடித்த லிஃப்டை முற்பகலிலேயே முறியடித்த பழுதுநீக்கும் பெருமான் வாழ்க, வாழ்க!

ஆயினும் வெற்றி முழுமையடையவில்லை. பழுது நீங்கியதென்ற அறிக்கை, அவர் கைப்பேசிச் செயலியிலிருந்து மாலை ஐந்துக்குள் மெயிலாகப் போய்ச் சேர்ந்தால்தான் லிஃப்ட் கம்பெனி அலுவலகத்தார் அங்கிருந்தே லிஃப்டின் பூட்டைத் திறப்பார்கள், தவறினால் திங்கட்கிழமை. கீழ்த்தளத்திலோ, மாவுக்கட்டுப் போட்ட வலக்காலை வாளிமேல் செங்கோலென நீட்டி, பிளாஸ்டிக் நாற்காலி என்னும் அரியணையில் வீற்றிருந்தார், மருத்துவமனையிலிருந்து நேரே வந்திறங்கிய அவருடைய மாமியார். வீடு ஐந்தாம் மாடி.

மணி நாலரை. வீரர் ‘அனுப்பு’ என்ற பொத்தானை இடியென அழுத்தினார். அந்தச் செயலியோ, தானே தெருவில் இறங்காத அரசன்போல, அஞ்சல் செயலி என்னும் அயலூர்த் தூதனைக் கூவியழைத்து, ஓலையை அவன் கையில் திணித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. முகவரி பொறித்து, அறிக்கை கோத்து, ‘உத்தரவு தாருங்கள்’ என்பதுபோல் தூதன் திரை நிறைய எழுந்து நின்றான். முப்பதாண்டு காலம் தாளில் எழுதிக் கொடுத்து, முத்திரை குத்திய நகலைக் கையோடு வாங்கியே பழகிய வீரரோ, நகல் வந்துவிட்டதென்று அகமகிழ்ந்து அதைப் பணிவோடு மூடினார்.

அலுவலகத்துப் பெண் போனில் சொன்னாள்: “இன்னும் ஒண்ணும் வரலையே சார்.”

வெகுண்டார் வீரர்! சன்னலோரம் பாய்ந்தார், வாசலில் நின்று கைப்பேசியை வானோக்கி உயர்த்தினார், சிக்னல் என்னும் மாயமானைத் துரத்தி ஐந்து மாடியும் படியேறி மொட்டைமாடியில் முழங்கினார்: “செல்போன் கோபுரமே கேள்! இந்த அறிக்கை போகாமல் நான் கீழிறங்கேன்!” முதலில் அழுத்தியதோடு சேர்த்து ஆறுமுறை அழுத்தினார், ஆறு நகலையும் பத்திரமாக மூடினார், நாலு ஐம்பத்தாறுக்கு மூச்சிரைக்கக் கீழிறங்கினார்.

“என்ன மாப்ளே, மெயிலும் மலையேறிடுச்சா?”

“ஆறு தடவை அனுப்பிட்டேன் அத்தை. நகல்கூட வந்துச்சு.”

“இன்னொரு தடவ அனுப்புங்க, பாப்போம்.” வீரர் அழுத்த, தூதன் மறுபடி எழுந்து நிற்க, அத்தை திரையை எட்டிப் பார்த்தார். “அட, மூலையில அம்பு மாதிரி ஒண்ணு சும்மா நிக்குதே. அதை யாரு வந்து விடுவா?”

திகைத்தார் வீரர். வில் வளைத்து, நாண் பூட்டி, குறி பார்த்து, ஆறுமுறையும் எய்யாமலே வீடு திரும்பிய தம் தீரத்தை எண்ணி நாணி, கட்டைவிரலால் அந்த அம்பைத் தொட, அது மின்னலைப் பிளந்து, மேகத்தைத் துளைத்து, அலுவலகத்தின் நெஞ்சில் நாலு ஐம்பத்தொன்பதுக்குப் போய்த் தைக்க, பூட்டு திறந்தது, விளக்கு எரிந்தது, கதவுகள் இரண்டும் கைகூப்பி விலகின!

லிஃப்ட் ஐந்தாம் மாடிக்குப் போனது, அத்தை போய்ப் படுத்தார், உங்கள் வீட்டிலும் எல்லாரும் நன்றாக இருக்கட்டும்.