பஞ்சவர்ணம் தோப்புப் போர்

விமானப்படையில் யாரும் சும்மா பதக்கம் குத்திவிடுவதில்லை. சில நாடுகளில், எதிரியின் வானத்தில் இத்தனை முறை பறந்தால் ஒரு பதக்கம் என்று எண்ணிக்கையே வைத்திருக்கிறார்கள். அது அவர்கள் பாடு. எங்கள் முந்திரி மேம்பாட்டு அலுவலர் வைத்திலிங்கம் அதைச் செல்போனில் படித்துத் தொலைத்ததால் எங்கள் பாடாகவும் ஆயிற்று.

மறுவாரமே சுற்றறிக்கை வந்தது. 'மருந்தடிக்கும் ட்ரோனை இயக்குவோர் இன்றுமுதல் விமானிகள் எனக் கருதப்படுவர். எதிரி உயிருடன் உள்ள முந்திரித் தோப்பின் மேல் இருபது போர்ப் பறப்புகளை நிறைவு செய்வோருக்கு வீரப் பதக்கம் வழங்கப்படும்.' எதிரி என்றால் பூவைக் கருக்கும் தேயிலைக் கொசு. அந்தப் பூச்சிக்கு அதுவரை யாரும் இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

மீன்சுருட்டியில் என் தோப்பை ஒட்டி பஞ்சவர்ணத்தின் தோப்பு. ஒன்றரை ஏக்கர். புருஷன் இல்லாதவள், அந்தப் பூ காய்த்தால்தான் வருஷம் முழுக்க அவள் வீட்டில் அடுப்பு எரியும். பூச்சி விழுந்ததும் ஆபீஸ் நியமித்த விமானி அம்பிகா ஜெயங்கொண்டத்திலிருந்து தன் ட்ரோனோடு வந்தாள். இரண்டே பறப்பில் பூச்சி ஒழிந்தது. பஞ்சவர்ணம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

மூன்றாம் நாள் அம்பிகாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். சாட்சி சொல்ல நானும் போனேன்.

"ஏம்மா, மிச்சம் பதினெட்டுப் பறப்பு எங்க?" என்றார் வைத்திலிங்கம்.

"பூச்சி செத்துப் போச்சுங்க சார்."

"அதத்தான் கேக்குறேன். யாரக் கேட்டு செத்துச்சு?"

மேலிட அனுமதியின்றிப் போரை முடித்த குற்றத்துக்காக அவளை நீக்கிவிட்டு, முத்தமிழ்செல்வனை நியமித்தார்கள். எதிரியே இல்லாத தோப்பில் அவன் எப்படிப் பறப்பான்? பக்கத்து ஊரில் பூச்சி பிடித்த முந்திரிக் கிளைகளை ஒடித்து, ஆபீஸ் ஜீப்பிலேயே கொண்டுவந்து எதிரியை இறக்கினார்கள். முத்தமிழ்செல்வன் விவரமானவன். டேங்கில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு பதினெட்டு முறை பறந்தான்; அம்பிகாவின் இரண்டும் அவன் கணக்கிலேயே ஏறின. பூச்சிகள் குளித்துவிட்டுக் குடும்பம் நடத்தின. எனக்கு ரத்தம் கொதித்தது.

விழா எடுத்தார்கள். முத்தமிழ்செல்வனுக்குப் பதக்கம். பஞ்சவர்ணத்தையும் மேடைக்கு அழைத்தார்கள்.

"பூவெல்லாம் கருகிப் போச்சுங்களே சார்," என்றாள்.

"போருன்னா இழப்பு இல்லாம இருக்குமாம்மா?" என்று சொல்லி, வைத்திலிங்கம் அவள் கையில் ஒரு கேடயத்தைக் கொடுத்தார். 'போர்க்களம் ஈந்த பெருமாட்டி' என்று போட்டிருந்தது. மறுநாள் கடைவீதியில் அவள் முகம் பத்தடி ஃப்ளெக்ஸில் நின்றது. ஊரே அண்ணாந்து பார்த்தது.

அடுத்த மாதம் அம்பிகா தானாகவே வந்தாள், டேங்கில் நிஜ மருந்தோடு.

"அக்கா, நாலஞ்சு மரத்துல கடைசிப் பூ இருக்கு. அதயாவது காப்பாத்திடலாம். பூச்சி திரும்பி வராம இருக்க, சுத்தி இருக்குற தோப்புக்கும் சேத்து அடிச்சிடறேன்."

அன்றுதான் பஞ்சவர்ணத்தின் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். அதற்குள் ஊர் கூடிவிட்டது. எதிர்த் தோப்புத் தர்மன் ட்ரோனுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

"ஐயய்யோ, வேணாம்! எங்க தோப்புல இப்பதான் ஒம்போது பறப்பு ஆயிருக்கு. எதிரியக் கொன்னுட்டா கேடயத்துக்கு நான் எங்க போறது?"

பஞ்சவர்ணம் என் பக்கம் திரும்பினாள். "நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே."

சொன்னேன்.

"எனக்கு ஆறே பறப்புதான் பாக்கி, பஞ்சவர்ணம். அதுவரைக்கும் பொறுத்துக்கம்மா."