ஏழாம் ஜாடி அட்டை

ஏழாம் ஜாடியில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. ஆய்வுக்கூட உதவியாளர் தண்ணீரைக் கலக்கிப் பார்த்தார், மேசைக்கு அடியில் தவழ்ந்தும் பார்த்தார். அட்டையைக் காணோம். முந்தின நாள் தண்ணீர் மாற்றிவிட்டு மூடியைச் சரியாக அழுத்தவில்லை என்பது மட்டும் நன்றாக நினைவுக்கு வந்தது.

பேராசிரியை வர அரை மணி நேரம்தான் இருந்தது.

மொத்தம் பன்னிரண்டு ஜாடி, பன்னிரண்டு அட்டை. ரத்தத்தையே குடித்து வாழும் அட்டைக்கு, அந்த ரத்தத்தில் இல்லாத சத்தைச் செய்து தருவது அதன் உடம்புக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள். மருந்து கொடுத்து அந்தக் குடித்தனக்காரர்களைக் காலி செய்துவிட்டு, சத்தை மட்டும் வெளியிலிருந்து கொடுத்தால் அட்டை பிழைக்குமா? பிழைக்கும் என்று ஒரு வருஷமாகக் காட்டி வந்தார் பேராசிரியை. ஒன்றுகூடச் சாகவில்லை. நாளைக்கு அதைப் பார்க்கத்தான் நிபுணர் குழு வருகிறது.

உதவியாளர் பின்பக்கக் குளத்துக்கு ஓடினார். பேண்ட்டை மடித்துக்கொண்டு காலை விட்டார். பத்தே நிமிஷத்தில் கெண்டைக்காலில் ஒன்று ஒட்டிக்கொண்டது. ஜாடிக்குள் போகும்போது அது அவர் ரத்தத்தைக் குடித்து நன்றாக உருண்டு திரண்டிருந்தது.

"ஏம்ப்பா, ஏழு என்ன இப்படிக் கொழுத்திருக்கு?" என்றார் பேராசிரியை, பையைக்கூட வைக்காமல்.

"சத்து பிடிச்சிருக்கு மேடம்."

"அப்போ நாளைக்குக் குழு முன்னாடி இதையே அறுத்துடலாம். உள்ள ஒரு கிருமிகூட இல்லைன்னு கண்ணால பார்க்கட்டும்."

குளத்து அட்டைக்குள் ஒரு ஊரே குடியிருக்கும். பேராசிரியை கை கழுவப் போன நேரத்தில் உதவியாளர் ஏழாம் எண் எழுதிய அட்டையைப் பிய்த்து மூன்றாம் ஜாடியில் ஒட்டினார், மூன்றை ஏழில் ஒட்டினார். 'அட்டையையா மாத்தினேன்? அட்டையோட அட்டையைத்தானே' என்று மனசாட்சிக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

திரும்பி வந்த பேராசிரியை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இப்பதான் ஏழு குண்டா இருந்துச்சு. இப்போ அது இளைச்சு, மூணு குண்டாயிடுச்சு. ஒண்ணோட சத்து இன்னொண்ணுக்குத் தாவுதாப்பா? இதை யாருமே எழுதலை. ரெண்டையும் அறுத்துடலாம்."

இதற்கு மேல் உதவியாளரால் முடியவில்லை.

"வேணாம் மேடம். அந்தக் குண்டு, காலைல நான் குளத்துல பிடிச்சது. நம்ம ஏழு எங்கேயோ போயிடுச்சு. மூடியைச் சரியா மூடலை, என் தப்புதான்." பேண்ட்டைத் தூக்கி, இன்னும் ரத்தம் கசிந்துகொண்டிருந்த கெண்டைக்காலைச் சாட்சிக்குக் காட்டினார்.

பேராசிரியை ஸ்டூலில் உட்கார்ந்தார். வேலை போய்விட்டது, வீட்டில் என்ன சொல்வது என்று உதவியாளர் வாக்கியம் அமைக்கத் தொடங்கியிருந்தார்.

"சரி விடு, இப்பவாவது சொன்னியே" என்றார் பேராசிரியை கடைசியில். "ஒண்ணு போனா போகட்டும். கிருமியே இல்லாம ஒரு வருஷம் உயிரோட இருந்த பதினொண்ணு மிச்சம் இருக்கே. அது பொய்யாயிடுமா?"

உதவியாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாசலோரம் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, அவர் காலைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தம்பிக்குப் பழக்கமில்ல மேடம், அளவு பாத்துப் பிடிக்கணும். செத்துக் கிடந்தா உங்க மனசு தாங்காதேன்னு ஒரு வருஷமா நானும்தான் குளத்துலேர்ந்து பிடிச்சுப் பிடிச்சுப் போடுறேன், அதுல ஒண்ணையாவது கண்டுபிடிச்சீங்களா?"