கருப்பசாமி சேவலும் மருமகள் மூக்குத்தியும்

மருமகளின் மூக்குத்தியை ஆசாரியிடம் மெருகுக்குக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

பிறந்த ஊரான சித்தையன்கோட்டைக்குக் கிளம்பும்போது கழற்றிக் கொடுத்து, "ஞாயித்துக்கிழமை வாரேன் அத்தை. எங்கம்மா போட்டது, பத்திரம்" என்றாள்.

பத்திரமாகத்தான் வைத்தேன், அரிசி புடைத்த முறத்தில். செத்த நேரம் சாமி விளக்கைத் தூண்டிவிட்டு வந்தால், கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல் முறத்துக்குள் நிற்கிறது. மூக்குத்தியைக் காணோம்.

நான் கலங்கவில்லை. எங்கள் நாய் ஒரு தடவை காலணாவை விழுங்கி, மறுநாள் காலையிலேயே திருப்பித் தந்தது. வயிறு என்றால் எல்லாம் வயிறுதானே? விளக்கெண்ணெய் புகட்டி, கையில் குச்சியோடு நாள் முழுக்கச் சேவல் பின்னாலேயே நடந்தேன்.

எண்ணெய்தான் வந்தது.

மறுநாள் சேவலைக் கூடையில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். கம்பவுண்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்.

"நாய் வயிறு வேற, கோழி வயிறு வேறம்மா. நாய்க்கு வெறும் பை. மாட்டுக்கு நாலு அறை, அசை போடணும்ல. கோழிக்குப் பல்லு ஏது? அதான் வயித்துக்குள்ளயே ஆட்டுக்கல்லு. பொறுக்குன கல்லெல்லாம் அங்க கிடந்து இரையை அரைக்கும். உங்க மூக்குத்தியும் இப்ப அரைச்சுக்கிட்டுத்தான் இருக்கும்."

"வெளிய வராதாப்பா?"

"அறுத்தா வரும்."

"சாமிக்கு நேர்ந்தது. நான் அறுக்கக் கூடாதே."

"அப்ப சாமியைத்தான் கேக்கணும்."

கேட்டேன். "அப்பனே, சேவல் உன்னுது, மூக்குத்தி அவளுது. அரைச்சு முடிக்கிறதுக்குள்ள வாங்கிக்க." ஆடியில் செலுத்த வேண்டிய வேண்டுதலை அந்தச் சனிக்கிழமையே செலுத்தினேன்.

பூசாரி அறுத்தார். தலையையும் வயிற்றையும் தன் பக்கம் ஒதுக்கினார். அது அவர் பங்கு, வழக்கம்.

"தொடை ரெண்டையும் எடுத்துக்கங்க பூசாரி. வயித்தை எனக்குக் குடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தொடையைக் குடுத்து வயித்தைக் கேக்குற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன். உடம்பு கிடம்பு சரியில்லையா ஆத்தா?"

"வேண்டுதல்" என்றேன். பொய்யில்லை. மூன்று நாளாக வேறெதையும் நான் வேண்டவே இல்லை.

வீட்டில் வந்து பிளந்தேன். கல்லும் மண்ணும் உமியும். நடுவில் மூக்குத்தி, கண்ணைப் பறிக்கிற பளபளப்பில்.

ஞாயிற்றுக்கிழமை மருமகள் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னாலிருந்து நகரவே இல்லை.

"அம்புட்டு மெருகு அத்தை. என் தோட்டையும் அந்த ஆசாரிகிட்டயே குடுத்துருங்க."

அந்த ஆசாரியை முந்தின நாளே குழம்பு வைத்துவிட்டோம்.