வாய்க்கு வராத எண்பது

மூன்றாவது தலையும் முடிந்தது. எண்பது என்கிற சொல் மட்டும் சலூன்காரரின் தொண்டையை விட்டு இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை.

ரிட்டயர்டு கிளார்க் எழுந்து தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து ஐம்பதை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்க."

"இல்ல சார்... வந்து..."

"என்ன?"

"கழுத்துல ஒரு முடி ஒட்டிக்கிட்டு இருக்கு."

இல்லாத முடியை ஊதிவிட்டு, ஐம்பதையே வாங்கிப் போட்டுக்கொண்டு அனுப்பிவைத்தார் சலூன்காரர்.

காலையிலிருந்து இப்படித்தான். முதல் ஆளிடம் சொல்லப் போனபோது தும்மல் வந்தது. இரண்டாவது ஆள், "ஏதோ சொல்ல வந்தீங்களே, என்ன?" என்று அவனாகவே கேட்டான். அப்போதும், "வெயில் ஜாஸ்தியா இருக்குல்ல" என்றுதான் வாய் சொன்னது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். கடைச் சொந்தக்காரர் முந்தின நாள் வந்து, உட்காரக்கூடச் செய்யாமல் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"ஒண்ணாம் தேதியிலேருந்து வாடகை கூடுதுப்பா. பேங்க்ல வட்டிய ஏத்திட்டான். இந்தக் கட்டடத்து மேல கடன் இருக்கு, தெரியுமில்ல?"

"வட்டிய எதுக்குங்க ஏத்துறான்?"

"விலைவாசி ஏறிப்போச்சாம். அதைக் குறைக்கத்தான்."

"குறைக்கவா? அப்ப என் வாடகை எதுக்குங்க ஏறுது?"

சொந்தக்காரர் வாசல் பக்கம் திரும்பினார். "அதெல்லாம் படிச்சவங்க விஷயம்ப்பா. உன்னால முடியலைன்னா சொல்லிடு. செல்போன் கடைக்காரன் ஒருத்தன் மூணு மாசமா இந்த இடத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கான்."

விலையைக் குறைக்க வட்டியை ஏற்றி, வட்டிக்காக வாடகையை ஏற்றி, வாடகைக்காக முடி வெட்டும் விலையையும் ஏற்ற வேண்டுமாம். எவனோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு பொத்தானை மாற்றி அமுக்கிவிட்டான் என்றுதான் சலூன்காரருக்குப் பட்டது. படித்தவர்கள் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அவர்களும் அவரிடம்தான் வந்து தலையைக் குனிகிறார்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா?

இருபத்தாறு வருஷமாக அதே கடை. நீளமான ஒற்றை அறை. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, அதன் முன்னால் இரண்டு நாற்காலிகள். எதிர்ச்சுவரை ஒட்டிப் பெஞ்சு. முதல் நாற்காலி அவருடையது. இரண்டாவதில் அவருடைய மச்சினன், மனைவிக்குத் தம்பி. வாடகையில் ஆளுக்குப் பாதி. அவரவர் நாற்காலியில் வருவது அவரவருக்கு.

மச்சினன் என்ன சம்பாதிக்கிறான் என்று அவர் எட்டிப் பார்த்ததில்லை. பார்க்க என்ன இருக்கிறது? ஆபீஸ் போகிற அவசரத்தில் இருக்கிறவர்கள் மட்டும் அவனிடம் உட்காருவார்கள். அவர்களும் போனைக் காட்டிக் காசு கொடுத்துவிட்டுப் போவார்கள். கண்ணுக்குத் தெரியாத காசைச் சலூன்காரர் காசாகவே நினைத்ததில்லை. மற்றபடி பெஞ்சில் எந்நேரமும் நாலு பேர் இருப்பார்கள். நாலு பேரும் முதல் நாற்காலிக்குத்தான்.

"அங்க சும்மாதானே இருக்கான், போய் உக்காருங்களேன்" என்று இவர் சொல்லுவார்.

"பரவாயில்லங்க, உங்ககிட்டயே வெட்டிக்கிறோம்" என்பார்கள்.

அதைக் கேட்டதும் அவருடைய கத்தரி கொஞ்சம் சத்தமாகவே ஓடும். மச்சினன் நல்லவன்தான். ஆனால் கைராசி என்று ஒன்று வேண்டுமே, அதைக் காசு கொடுத்து வாங்க முடியுமா? வாடகை கூடுகிறது என்று சொன்னபோதுகூட, "சரி மாமா" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். கவலைப்படக்கூட விவரம் பத்தாதவன் என்று நினைத்துக்கொண்டார்.

எண்பது வாங்கினால் கடை தப்பிக்கும். கணக்கு அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எண்பது என்றதும் பெஞ்சில் இருக்கிற நாலு பேரும் எழுந்து அடுத்த தெரு சலூனுக்குப் போய்விட்டால்? அப்போது வாடகை மட்டும் இல்லை, சோறும் இல்லை.

அன்று சாயங்காலம் மளிகைக்கடைக்காரர் வந்து நாற்காலியில் சாய்ந்தார். விலையேற்றுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"நீங்க எப்படிண்ணே கூச்சமில்லாம ஏத்துறீங்க?" என்று கேட்டார் சலூன்காரர்.

"நான் எங்கய்யா ஏத்துறேன்? ஸ்லேட்டுல எழுதி மாட்டிடுவேன். வர்றவங்க அதைப் பாத்து, 'இவ்வளவா!'ம்பாங்க. நானும் அவங்களோட சேர்ந்து, 'அடப்பாவமே, இவ்வளவா ஆயிடுச்சு!'ம்பேன்."

"நம்புறாங்களா?"

"நம்ப வேணாம்யா. திட்டுறதுக்கு ஸ்லேட்டு இருக்குல்ல, என்னைத் திட்ட மாட்டாங்க." பிறகு அவர் குரல் இறங்கியது. "ஆனா ஒண்ணு. ஒரு கிலோ வாங்கினவன் கால் கிலோ கேக்குறான். கால் கிலோ வாங்கினவன் நூறு கிராம் கேக்குறான். நூறு கிராம்காரன் விலையை மட்டும் கேட்டுட்டுப் போறான். இப்ப ஸ்லேட்டைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு."

மளிகைக்கடைக்காரரும் ஐம்பதுதான் கொடுத்தார். இவரும் வாங்கிக்கொண்டார். ஆனால் யோசனை கிடைத்துவிட்டது. வாய் சொல்லாததைப் பலகை சொல்லட்டும்.

ஒரு தகரத்துக்கு வெள்ளை அடித்து, சிவப்பு பெயிண்டில், 'முடி வெட்ட 80' என்று பெரிதாக எழுதினார். கண்ணாடிச் சுவரில் ஆணி அடிக்க இடமில்லாததால் பெஞ்சுக்கு மேலே மாட்டினார். உள்ளே வருகிறவன் பெஞ்சில் இடம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பான், சுவரைப் பார்க்க மாட்டான் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பஸ் டிரைவர் கழுத்தில் துணியோடு உட்கார்ந்து, எதிரே இருந்த கண்ணாடியையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"பின்னால என்னங்க புதுசா ஒரு போர்டு? எழுத்து ஒண்ணும் விளங்கல. நம்பர் மட்டும் தெரியுது. சைபர் எட்டு."

சலூன்காரரும் கண்ணாடியைப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் அதன் முன்னால் நின்றவருக்கு, அது எல்லாவற்றையும் இடம் வலமாகத் திருப்பித்தான் காட்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. எண்பது அங்கே 08 என்று சிரித்துக்கொண்டிருந்தது.

"அது வந்து டிரைவர் சார்... விலைங்க..."

"விலையா? எட்டா!" டிரைவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே, கத்தரியோடு சேர்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊரே ஏத்துறப்ப இறக்கினது நீங்க ஒரு ஆள்தான்யா. வீட்டுக் கடனுக்குத் தவணை எவ்வளவு ஏறியிருக்கு தெரியுமா? வீட்டுக்காரி டீயில பாலை எண்ணி எண்ணி விடுறா. பாலோட நிறம் மறந்துபோச்சு எனக்கு. இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷன்!"

சொல்லும்போதே டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கையை உதறிவிட்டு, "எட்டு இல்ல, எண்பது" என்று சொல்ல எவனால் முடியும்? சலூன்காரர் ஐம்பதை வாங்கிக்கொண்டு, நாற்பத்திரண்டைத் திருப்பிக் கொடுத்தார்.

சாயங்காலம் டிரைவர் இரண்டு கண்டக்டர்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். ஒரு கண்டக்டர் காலியாகக் கிடந்த இரண்டாவது நாற்காலியில் உட்காரப் போனார்.

"யோவ், அங்க போகாத. உக்காந்தா இவருகிட்டதான் உக்காரணும்" என்று டிரைவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

எட்டு எட்டு பதினாறு என்று வயிறு எரிந்தாலும், அந்தப் பேச்சு சலூன்காரருக்குக் கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் சீக்கிரமே வந்து பலகையைக் கழற்றினார். மெல்லிய தாளில் எழுதி, தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தெரிந்ததை அப்படியே பார்த்துப் பலகையில் எழுதி மாட்டினார். இனிமேல் கண்ணாடியில் ஒழுங்காகத் தெரியும்.

மச்சினன் பார்த்துக்கொண்டே நின்றான். "மாமா, இதுக்கு வாயால சொல்லிட்டாப் போதுமே."

"உனக்கென்னடா தெரியும்? நாலு பேரு தேடி வர்ற ஆளுக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும்."

"அதுவும் சரிதான் மாமா" என்று சொல்லிவிட்டு அவன் சீப்புகளைக் கழுவப் போய்விட்டான்.

ஒழுங்காக எழுதியபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. திருப்பி எழுதியதும் தெருவே நின்று பார்த்தது. அது எந்த நாட்டு எழுத்து என்று வாசலில் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். எழுத்தில்தான் சண்டை. எண்ணில் சந்தேகமே இல்லை. கண்ணாடிக்கு எண்பதாக இருந்தது, வாசலுக்கு 08. சரி, நாற்காலியில் உட்கார்ந்தவர்களாவது படித்தார்களா என்றால், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறவர்களுக்கு எதிரே சுவர் இருப்பதே தெரியவில்லை.

பத்து மணிக்கு ஒரு ஆள் தன் அப்பா, மாமனார், தம்பி மூவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

"எட்டுன்னு போட்டிருக்கீங்களே, நாலு பேருக்கும் ஒட்ட வெட்டிடுங்க. விலை மறுபடி ஏறுறதுக்குள்ள முடிச்சுக்கிட்டா ஆறு மாசத்துக்குக் கவலை இல்ல பாருங்க."

"ஆட்டோவுக்கு எவ்வளவுங்க ஆச்சு?"

"அதை ஏன் கேக்குறீங்க, கொள்ளை! நூத்தி இருபது."

சலூன்காரர் மச்சினனைத் திரும்பிப் பார்த்தார். "நீ ரெண்டு பேரைப் பாரேன்."

"வேணாம் மாமா. உங்களைத் தேடி வந்தவங்க. நான் கை வெச்சா நல்லா இருக்காது."

அடக்கமான பிள்ளை என்று சலூன்காரர் நினைத்துக்கொண்டார். நாலு தலையையும் அவரே வெட்டினார். மாமனார் தலை மட்டும் முக்கால் மணி நேரம் பிடித்தது. வந்தது முப்பத்திரண்டு. மத்தியானம் பலகையைக் கழற்றி, பெஞ்சுக்கு அடியில் தள்ளினார்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. சொந்தக்காரர் உங்ககிட்ட வாடகை கேட்டப்ப தும்மினாரா? வெயில் ஜாஸ்தின்னாரா? சொன்னாரா இல்லையா?"

"அவரு கட்டடம் வெச்சிருக்காரு. நான் சீப்பு வெச்சிருக்கேன்."

"வாங்க இப்படி." அவள் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, போர்வையைக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். "நான்தான் கஸ்டமர். முடி வெட்டி முடிச்சாச்சு. எவ்வளவு?"

"எண்..."

"என்னது?"

"எண்பது."

மனைவி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். "அய்யோ, நான் பென்ஷன்ல ஓட்டுற ஆளுங்க. மருந்துக்கே பத்தலைங்க."

"சரி, அறுபது குடுங்க."

"கரண்ட் பில்லு வேற கட்டாம கிடக்கு."

"அப்ப அம்பதே குடுங்க சார். இல்ல, இருக்கட்டும். அடுத்த தடவை பாத்துக்கலாம்."

போர்வையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். "விளங்கிடும்! வெட்டாத முடிக்கே ஓசியா?"

"அவங்கெல்லாம் போயிட்டா என்ன பண்றது?"

"நாற்காலியே போயிட்டா அவங்க எங்க வருவாங்க? உங்களுக்கு மட்டுமா? என் தம்பி குடும்பமும் சேர்ந்துதான் தெருவுக்கு வரும்."

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஆமாம், அவன் வேறு இருக்கிறான். ஆளே வராத நாற்காலியை வைத்துக்கொண்டு, தன்னை நம்பி நிற்கிறவன். தனக்காக இல்லாவிட்டாலும் அவனுக்காகவாவது வாயைத் திறந்தாக வேண்டும்.

மாதக் கடைசி நாள். பெஞ்சில் வழக்கம்போல் நாலு பேர். முதல் நாற்காலியில் தபால்காரர். இரண்டாவது நாற்காலி காலி. சலூன்காரர் அன்று யாரிடமும் பேச்சே கொடுக்கவில்லை. தபால்காரரின் காதோரத்தை மூன்று தடவை சரிசெய்தார். இனி சரிசெய்யக் காதுதான் பாக்கி என்றானதும், துணியை அவிழ்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"எண்பதுங்க."

பெஞ்சில் ஒரு பேப்பர் கீழே இறங்கியது.

"எண்பதா?" என்றார் தபால்காரர்.

"ஆமாங்க. வாடகை ஏத்திட்டாங்க. பேங்க்ல வட்டி ஏறிடுச்சாம். நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க, என்னாலயும்..."

"அட, எதுக்குங்க இவ்வளவு விளக்கம்? எல்லாம்தான் ஏறுது. நீங்க மட்டும் எத்தனை நாள் தாங்குவீங்க?"

தபால்காரர் எண்பதை எண்ணிக் கொடுத்துவிட்டு, கண்ணாடியில் ஒருமுறை முகத்தைப் பார்த்துக்கொண்டு போயே போய்விட்டார்.

சலூன்காரர் பெஞ்சைப் பார்த்தார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஒருவரும் வாசல் பக்கம் நகரவில்லை. இவ்வளவுதானா? இதற்கா பெயிண்டு, தகரம், நாற்பத்திரண்டு பாக்கி, மாமனார் தலை? பயந்தது முழுக்க வீண். விலை என்னவாக இருந்தால் என்ன, அவர்கள் வருவது இந்தக் கைக்காக. நெஞ்சு நிறைந்துபோனது. நாளைக்குச் சொந்தக்காரர் வரட்டும், எண்ணி வைத்துவிடலாம். செல்போன் கடைக்காரன் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும். மச்சினனிடமும் நாளையிலிருந்து எண்பது வாங்கச் சொல்லலாம், வருகிற ரெண்டு பேரிடமாவது.

துணியைப் பட்டென்று உதறினார். இருபத்தாறு வருஷத்தில் அவ்வளவு சத்தமாக உதறியதில்லை.

"அடுத்து யாருங்க?"

பெஞ்சில் முதலில் இருந்த தையல்காரர் எழுந்தார். அதிகம் பேசாதவர். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, சலூன்காரரைத் தாண்டி நடந்து, இரண்டாவது நாற்காலியில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மீதி மூன்று பேரும் பெஞ்சில் அந்தப் பக்கமாக நகர்ந்து வரிசையானார்கள்.

"அண்ணே, இங்கண்ணே. உங்களுக்கு என் நாற்காலிதானே?"

தையல்காரர் கண்ணாடி வழியாகவே அவரைப் பார்த்து, கழுத்தைத் துணிக்கு வாகாக நீட்டிக்கொண்டு சொன்னார்:

"உங்க மச்சினன் போன வருஷமே எண்பதாக்கிட்டாருங்க, முப்பது மிச்சமாகுதேன்னுதான் நாங்க நாலு பேரும் இத்தனை நாளா உங்ககிட்ட காத்துக் கிடந்தோம்."